இது எங்க தோட்டத்துக் காய் இல்ல

லாபமான்னா கேக்குறீங்க?

கேளுங்க தம்பி. பஸ் ஜன்னல் வழியாப் பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணும். ஒவ்வொரு தாருக்கும் நீலப் பை மாட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக மாதிரி வரிசை கட்டி நிக்கிதில்ல, பாக்க அழகாத்தான் இருக்கும். அம்புட்டும் கம்பெனி வாழை. சின்னமனூர் தாண்டுற வரைக்கும் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் அதுதான் வரும். லாபம் வருதான்னு அந்தத் தோட்டக்காரய்ங்க கிட்டக் கேட்டா வருதும்பாய்ங்க. எங்கிட்டக் கேட்டீங்கள்ல, நான் சொல்றேன். எனக்கு அதுல பொண்டாட்டி போச்சு.

செத்துப் போகல, அப்படிப் பாக்காதீங்க. நல்லாக் கல்லுக்குண்டாட்டம் இருக்கா. ஒரே வீட்டுலதான் இருக்கோம். ஆனாப் போச்சு.

எம் பேரு மொக்கராசு. ஊரு சின்னமனூருக்கு மேக்க, மலையடிவாரம். எங்கப்பா வச்சிட்டுப் போனது ரெண்டு ஏக்கர். மொதல்ல நெல்லு, பெறகு நாட்டு வாழை. காத்தடிச்சாச் சாயும், வாடல் நோய் வந்தா பாத்தி பாத்தியாப் போகும். யாவாரி வந்து தோட்டத்தைச் சுத்திப் பாத்துட்டு ஒரு வெலை சொல்லுவான், வெட்டுற அன்னிக்கு வந்து வேற வெலை சொல்லுவான். சரி, அவன் களவாணின்னு நமக்குத் தெரியும், நம்மளும் களவாணின்னு அவனுக்குத் தெரியும். அதுல ஒரு நிம்மதி இருந்துச்சு.

பெறகுதான் இந்தக் கம்பெனிக்காரய்ங்க வந்தாய்ங்க. பால் சொசைட்டி வாசல்ல சேர் போட்டுக் கூட்டம். திசு வாழைக் கன்னு நாங்களே தர்றோம், சொட்டுநீர்க் குழாய்க்கு வழி பண்றோம், எப்ப என்ன உரம் போடணும்னு ஆள் வந்து சொல்லுவாரு, வெளையிற காயைக் கிலோ பதினாலு ரூபான்னு நாங்களே எடுத்துக்கிறோம். வெளி மார்க்கெட்டுல வெலை எம்புட்டு ஏறுனாலும் உங்களுக்குப் பதினாலுதான், எம்புட்டு எறங்குனாலும் பதினாலுதான். இது கப்பல் ஏறி துபாய்க்குப் போற காய். இப்படிப் பேசுனாய்ங்க.

நான் பின்னாடி நின்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். பவுனு முன்னாடி போயி உக்காந்துட்டா. பவுன்தாய், எம் பொண்டாட்டி. வேற பொம்பளை ஒருத்தி அந்தக் கூட்டத்துல இல்ல. உக்காந்ததோட நிக்காமக் கேள்வி வேற.

"சார், காய்ல தழும்பு விழுந்தா என்ன செய்வீக?"

"அதை எடுக்க மாட்டோம்மா."

"தழும்பு விழாம வளக்குறது எப்படின்னு சொல்லித் தருவீகளா?"

"அதுக்குத்தான் ஆள் போடுறோம்."

வீட்டுக்கு வந்ததும், போடுவோம்னா. போட்டோம். கையெழுத்து என்னோடது. ஏன்னா நெலம் எம் பேருல.

அந்த வாழையை வளக்குறது இருக்கே, அதுக்குப் பிள்ளை வளக்குறது தேவலாம். பூ தள்ளுனா மருந்து. சீப்பு விரிஞ்சா, ஒவ்வொரு காய் நுனியிலயும் காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்குற பூவைக் கிள்ளி எடுக்கணும், இல்லாட்டி அது உரசிக் கறுப்பு விழுமாம். பெறகு பை மாட்டணும். எந்த வாரம் பூ தள்ளுச்சோ அந்த வாரத்துக் கலர்ல தாருக்கு ஒரு ரிப்பன் கட்டணும். செவப்பு ஒரு வாரம், மஞ்சள் ஒரு வாரம். வெட்டுறப்ப ரிப்பனைப் பாத்துத்தான் வெட்டணும். நான் மீசை முளைக்காத வயசுல இருந்து வாழை வெட்டுறவன் தம்பி. எனக்கு ரிப்பன் வேணுமாம்.

அம்புட்டையும் நான்தான் பாத்தேன். ஏணி போட்டு ஏறிப் பை மாட்டுறது பவுனு. பூக் கிள்ளுறது பவுனும் அவ தம்பி பொண்டாட்டியும். ரிப்பன் பவுனு கட்டிருவா. மத்ததெல்லாம் நான்தான். வேலை வாங்குறது என்ன லேசுப்பட்ட காரியமா?

சரி, மொத வெட்டு வந்துச்சு. வந்த நேரம் பாருங்க, வெளியில வெலை இருபத்திரண்டு. ராயப்பன்பட்டி யாவாரி ஒருத்தன், எனக்கு ரொம்ப வருசப் பழக்கம், ரூபாயைக் கையில வச்சுக்கிட்டு வரப்புல நிக்கிறான். "மொக்கராசண்ணே, பாதியை எனக்குத் தள்ளு, கம்பெனிக்காரன் கேட்டா காத்துல சாஞ்சிருச்சுன்னு சொல்லிக்க"ங்கிறான். நான் அரிவாளை எடுத்துட்டேன். இவ வந்து குறுக்க நின்னா.

"பேசுனாப் பேசுனதுதான்."

"ஏண்டி, கம்பெனிக்காரன் நமக்கு மாமனா மச்சானா?"

"இவரு மட்டும் மாமனா? அடுத்த வருசம் வெலை எறங்குனா இவரு இந்த வரப்புல வந்து நிப்பாரா, கேளுங்க."

யாவாரி முன்னாடி கேக்குறா. அவன் சிரிச்சுக்கிட்டே போயிட்டான். அவன் சிரிச்சது எனக்கு இன்னும் காதுல இருக்கு. கிலோவுக்கு எட்டு ரூபா தம்பி. எட்டு ரூபா எங் கண்ணு முன்னாடி கம்பெனி லாரி ஏறிப் போச்சு. அதோட விட்டானா கம்பெனிக்காரன்? பத்துத் தாருக்கு ரெண்டு தாரு தழும்புன்னு ஒதுக்குனான். நீங்க படிச்சவரு, சொல்லுங்க. வெலை வைக்கிறவனும் அவன், அளக்குறவனும் அவன், இது ஆகும் இது ஆகாதுன்னு சொல்றவனும் அவன். நம்ம வேலை என்ன? கையெழுத்துப் போடுறதும் மேல பாத்துக் காத்தடிக்குதான்னு பயப்படுறதும். இதை நான் பால் சொசைட்டி வாசல்ல வச்சே சொன்னேன். எல்லாப் பயலும் ஆமா ஆமான்னுதான் சொன்னாய்ங்க. மறுவாரம் போயி மறுபடியும் கன்னுக்குப் பேரு குடுத்துட்டு வந்துட்டாய்ங்க.

அந்த வருசம் என்ன வந்துச்சுன்னா கேக்குறீங்க? வந்துச்சு. அடகுல கெடந்த அவ காதுத் தோட்டைத் திருப்புனோம். மோட்டாரை மாத்துனோம். கூரையில ஓட்டை அடைச்சோம். அது வேற விசயம். நான் வராததைச் சொல்றேன். வராமப் போனது எட்டு ரூபா.

இதுல இன்னொரு கொடுமை. எம் மச்சினன், பவுனு கூடப் பொறந்தவன், தவமணி. எங்க தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் அவனுது. அவன் கம்பெனியில சேரல. சொட்டுநீர் போடக் காசு இல்லேன்னு ஒரு சாக்கு, எவனுக்கும் கட்டுப்பட மாட்டேன்னு ஒரு வீறாப்பு. அதே கன்னை வெளியில வாங்கி நட்டான். அந்த வருசம் அவன் இருபத்திரண்டுக்கு வித்தான். வித்துட்டு ஒரு பைக் எடுத்துக்கிட்டு எங்க வீட்டு வாசல் வழியாவே போறான், வர்றான். "என்ன மாமா, பதினாலுதானா?" அப்படிங்கிறான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அடுத்துக் கம்பெனிக்காரய்ங்க என்ன பண்ணுனாய்ங்கன்னா, ரோட்டு மேல பெரிய தகரக் கொட்டகை போட்டு, அங்கதான் தாரை எறக்கி, சீப்பு வெட்டி, தண்ணித் தொட்டியில போட்டுப் பால் கறை போகக் கழுவி, பெட்டியில அடுக்குற வேலை. அதுக்குப் பொம்பளைக வேணும்னாய்ங்க. பவுனு போறேன்னா. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். தோட்டக்காரி போயி அடுத்தவன் கொட்டகையில கூலிக்கு நிக்கிறதான்னு கேட்டேன். "வெட்டு இல்லாத மாசத்துல வீட்டுல என்ன இருக்கு?"ன்னு திருப்பிக் கேட்டா. விடியக் காலம்புற வேன் வந்து ஏத்திட்டுப் போகும். தலையில ஒரு குல்லா, இடுப்புல ஒரு ரப்பர்த் துணி. அவ போறதைப் பாக்கப் பிடிக்காம நான் அந்த நேரத்துக்கு டீக்கடைக்குப் போயிருவேன். டீக்குக் காசு அவகிட்டத்தான் வாங்குறது.

கொஞ்ச நாள்லயே அவளை லைனுக்குப் பெரியாளாப் போட்டுட்டாய்ங்க. பவுனக்கா, பவுனக்கான்னு கூப்பாடு. அங்க சூப்பர்வைசர் ஒரு பையன், பேரு ரெஜின், நாகர்கோவில் பக்கம். நல்ல பையன்தான். அவனைக் குத்தம் சொல்ல மாட்டேன்.

இப்பத்தான் கதைக்கு வர்றேன்.

அடுத்த வெட்டு சமயத்துல வெலை விழுந்துச்சு பாருங்க, அப்படி ஒரு விழுகை நான் பாத்ததில்ல. பதினஞ்சு, பத்து, ஆறு, கடைசியில அஞ்சு. வெட்டுக் கூலிக்குக் கூடக் கட்டாது. ஊருக்குள்ள மாடெல்லாம் வாழைக்காய் தின்னு வயிறு உப்பி நிக்குது. ராயப்பன்பட்டி யாவாரி போனை எடுக்கல. எங்களுக்குக் கம்பெனியில பதினாலு. ஆமா, பேசுனபடி குடுத்தாய்ங்க. அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா எங்க தோட்டத்துல வெளைஞ்சதை மட்டுந்தான் எடுப்பானாம். வெளிக் காய் ஒரு சீப்பு வரக் கூடாதாம்.

தவமணி வந்தான். பைக்குல வரல, நடந்து வந்தான். வெலை ஏறும் ஏறும்னு பாத்துத் தாரை மரத்துலயே விட்டு வச்சிருந்திருக்கான். காய் பெருத்து, இன்னும் கொஞ்ச நாள் விட்டா மரத்துலயே பழுத்துரும். பவுனு அப்பக் கொட்டகையில இருந்தா. எங்கிட்ட வந்து, "மாமா, ஏதாச்சும் பண்ணு மாமா"ன்னு நிக்கிறான். அவன் பொண்டாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு மூக்கைச் சிந்துறா. பாத்துக்கிட்டு இருக்க முடியுமா தம்பி? என்ன இருந்தாலும் எம் பொண்டாட்டி கூடப் பொறந்தவன்.

ஒத்தாசை பண்ணுனேன். அம்புட்டுத்தான். அவன் காயையும் எங் காயோட சேத்து அனுப்புறது. கம்பெனி குடுக்குற பதினாலுல அவனுக்கு ஒம்பது, எனக்கு அஞ்சு. அஞ்சு எதுக்குன்னு கேப்பீங்க. ரிப்பன் யாரு கட்டுறது? வெட்டு ஆளு யாரு புடிக்கிறது? மாட்டுனா யாரு மாட்டுறது? சும்மா வருமா எல்லாம்?

வழக்கமா வெட்டுறதுக்குக் கம்பெனி ஆளே வரும். அந்த வாரம் அவய்ங்க ஊருல திருவிழா, ஆள் பத்தல, நீங்களே வெட்டி வண்டியில ஏத்தி விட்டுருங்கன்னு சொல்லிட்டாய்ங்க. எனக்குன்னே வந்த மாதிரி. பவுனு வேன் ஏறிப் போனதும் நானும் தவமணியும் எறங்கிட்டோம். அவன் தோட்டத்துக் காயை வெட்டி, எங்க தோட்டத்துல கொண்டாந்து அடுக்கி, பவுனு வீட்டுல வச்சிருந்த மஞ்ச ரிப்பனை எடுத்து ஒவ்வொண்ணுக்கும் கட்டி, மேலயும் கீழயும் எங்க தாரு, நடுவுல அவன் தாரு. அப்படி நேக்கா அடுக்குனேன். வண்டிக்காரப் பயலுக்கே தெரியல.

வண்டியில நானும் ஏறிப் போனேன். சும்மா ஒரு பார்வைக்கு.

கொட்டகையில தாரை எறக்கிக் கொக்கியில மாட்டுறாய்ங்க. மேல் வரிசை போச்சு. நடு வரிசை வந்ததும் ரெஜின் கையைக் காட்டி நிப்பாட்டுனான். காய் தடிமன் பாக்குறதுக்கு இடுக்கி மாதிரி ஒண்ணு வச்சிருப்பான். ஒரு காயை அளந்தான். இன்னொண்ணை அளந்தான்.

"அண்ணே, இது எந்த வாரத்துக் காய்?"

"ரிப்பன் மஞ்சள்னு தெரியுதுல்ல."

"மஞ்சள் வாரத்துக் காய் இவ்வளவு பெருத்திருக்காதே."

"எங்க மண்ணு அப்படி."

அவன் சிரிக்கல. ஒரு காயை ஒடிச்சுக் கத்தியால குறுக்க வெட்டுனான். உள்ள லேசா மஞ்சப் பூத்திருந்துச்சு. எனக்கு அதைக் காட்டுனான்.

"இது ஒண்ணு பெட்டிக்குள்ள போனாப் போதும்ணே. கப்பல்ல பாதி வழியிலயே பழுத்து, கூட இருக்குற மொத்தத்தையும் பழுக்க வச்சிரும். போன மாசம் வேற ஊர்ச் சரக்கு ஒரு கன்டெய்னர் அப்படித்தான் திரும்பிச்சு. அந்த ஊரையே நிப்பாட்டிட்டாங்க. கொட்டகையைப் பூட்டிட்டாங்க."

"அதெல்லாம் எங்க காய்தான். வேணும்னா உங்க பெரியாளைக் கேளு"ன்னேன். நானேதான் சொன்னேன் தம்பி. நம்ம பொண்டாட்டிங்கிற தைரியம்.

"பவுனக்கா, கொஞ்சம் வாங்க."

தொட்டியில இருந்து கையை எடுத்துத் துடைச்சுக்கிட்டே வந்தா. தாரைப் பாத்தா. ரிப்பனைப் பாத்தா. பெறகு என்னைப் பாத்தா. நான் கண்ணைக் காட்டுனேன்.

"அக்கா, இது உங்க தோட்டத்துக் காயா?"

ஒரு வார்த்தை தம்பி. ஆமான்னு ஒரே ஒரு வார்த்தை. தலையை ஆட்டிட்டுப் போயிருந்தாக் கூடப் போதும். கல்யாணம் ஆகி இம்புட்டு வருசத்துல நான் அவகிட்ட வேற எதுவும் கேட்டதில்ல. காய் வேற யாரோட காய்? அவ கூடப் பொறந்தவன் காய். நான் என்ன எஞ் சொந்தக்காரனுக்கா செஞ்சேன்?

"இது எங்க தோட்டத்துக் காய் இல்ல சார்."

"பெறகு யாரோடது?"

"எந் தம்பி தோட்டத்துக் காய். ரிப்பன் எங்க வீட்டு ரிப்பன். எங்க காயும் இதுல இருக்கு. நானே பிரிச்சுத் தர்றேன்."

சொல்லிட்டுப் பிரிக்க ஆரம்பிச்சுட்டா. என்னைத் திரும்பிப் பாக்கல. எங்க தாரு இந்தப் பக்கம், அவன் தாரு அந்தப் பக்கம். நேக்கா அடுக்குனேன்னு சொன்னேன்ல, அந்த அடுக்கை எம் முன்னாடியே ஒண்ணொண்ணாக் கலைக்கிறா. லைன்ல நின்ன பொம்பளை அம்புட்டும் கழுவுறதை நிப்பாட்டிட்டு வேடிக்கை பாக்குது.

எனக்குக் கண்ணு இருட்டிருச்சு. கையை ஓங்கிட்டேன். அடிக்கல. ஓங்குறதும் அடிக்கிறதும் ஒண்ணா, சொல்லுங்க? ஊருக்குள்ள ரெண்டையும் ஒண்ணாவே பேசுறாய்ங்க. பவுனு நகரல. கையில தாரோட அப்படியே நின்னா. தொட்டிக்கு அந்தப் பக்கம் முருகாயின்னு ஒரு பொம்பளை, எங்க தெருதான், அது சொல்லுது: "அண்ணே, கையை எறக்குங்க. இங்க அடிபட்ட எதையும் நாங்க எடுக்குறதில்ல."

சிரிச்சுட்டாளுக. கொட்டகையே சிரிச்சுச்சு. அடிச்சிருந்தாக்கூட எனக்கு அம்புட்டு அவமானமா இருந்திருக்காது. வண்டியில கூட ஏறல, வெயில்ல நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் வருவா, வந்து அழுவா, மன்னிச்சுக்கங்கன்னு சொல்லுவான்னு உக்காந்திருந்தேன். வந்தா. உலை வச்சா. சோத்தைப் போட்டு எம் முன்னாடி வச்சுட்டு, நின்னுக்கிட்டே சொல்றா:

"அந்தக் கொட்டகையில எத்தனை வீட்டுப் பொம்பளை நிக்கிது தெரியுமா? புருசன் இல்லாதவ, புருசன் இருந்தும் இல்லாதவ. அந்தக் கொட்டகையைப் பூட்டுனா அம்புட்டுப் பேரும் எங்க போவா? நீ கலந்தது வாழைக்காய்னு நெனச்சியா?"

நீன்னு கேக்குறா. அது வரைக்கும் நீங்கன்னுதான் சொல்லுவா. அன்னிக்கு நீன்னு ஆரம்பிச்சது, இன்னிக்கு வரைக்கும் நீதான்.

சரி, இவளை விடு, தவமணியாவது எம் பக்கம் நிப்பான்னு நெனச்சேன். அவன் காய் அம்புட்டையும் திருப்பி அனுப்பிட்டாய்ங்க. வாய்க்கா மேட்டுல கொட்டிக் கெடந்து ஆடு தின்னுச்சு. அக்காக்காரி காட்டிக் குடுத்துட்டாளேன்னு அவன் கொதிக்கணும்ல? மறுநாள் இவ அவன் வீட்டுக்குப் போனா. என்ன பேசுனாளோ எனக்குத் தெரியாது, நான் வேலிக்கு இந்தப் பக்கந்தான் நின்னேன். அவன் அழுகுற சத்தம் கேட்டுச்சு. வர்றப்பக் காதுல தோடு இல்ல. சொட்டுநீர்க் குழாய் போடுறதுக்குக் கழட்டிக் குடுத்துட்டு வந்திருக்கா. யாரைக் கேட்டுக் குடுத்தா? நான் திருப்பிக் குடுத்த தோடு அது. அடுத்த நடவுக்கு அவனையும் கம்பெனியில சேத்து விட்டுட்டா. இப்ப அவன் தோட்டத்துலயும் நீலப் பை. அக்கா, அக்கான்னு பின்னாடியே திரியிறான். எங்கிட்ட மட்டும் பேச மாட்டான். உனக்காகத்தானடா செஞ்சேன்னு கேட்டேன். "எனக்கு ஒம்பது, உனக்கு அஞ்சு மாமா"ங்கிறான். அந்த நேரத்துல காலைப் புடிச்சவன் இப்பக் கணக்குப் பேசுறான்.

அதோட முடிஞ்சுச்சா? தேனியில இருந்து கம்பெனி மேனேஜரு வந்தாரு. உங்க ஒப்பந்தம் ரத்துன்னுட்டாரு. வெட்டுன மரத்து அடியில பக்கக்கன்னு மொளைச்சு மறுதாம்பு வாழையாத் தழைஞ்சு நிக்கிது. இன்னும் ஆறேழு மாசத்துல அது வெட்டுக்கு வரும். கம்பெனி இல்லேன்னா அதையும் மாட்டுக்குத்தான் போடணும். நான் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி இவ பேசுறா:

"சார், இவரு பேருல வேணாம். எம் பேருல போடுங்க."

"நெலம் உங்க பேருல இல்லையேம்மா. உங்க பேருல இருக்கணும், இல்லாட்டிக் குத்தகைப் பத்திரமாவது இருக்கணும்."

ரெண்டு பேரும் என்னையப் பாத்தாய்ங்க.

முடியாதுன்னேன். எங்கப்பன் சொத்தை எம் பொண்டாட்டிக்குக் குத்தகைக்கு விட நான் என்ன கேனையனா? முடியாதுன்னா முடியாதுதான். அவ ஒண்ணும் சண்டை போடல. வற்புறுத்தவும் இல்ல. காலம்புற கொட்டகைக்குப் போறா, வர்றா. தோட்டத்துப் பக்கம் தலை வச்சுப் படுக்கல. பூ தள்ளுச்சு. கிள்ள ஆள் இல்ல, பை மாட்ட ஆள் இல்ல. நானே ஒரு நாள் ஏணியைத் தூக்கிக்கிட்டுப் போனேன். நாலு மரம் ஏறுனேன். அஞ்சாவது மரத்துல பை கிழிஞ்சிருச்சு. ராயப்பன்பட்டிக்காரனுக்குப் போன் போட்டேன். எடுத்தான், அதிசயமா. "இப்ப எல்லாம் நாலரைண்ணே, வேணும்னா பாருங்க"ன்னான்.

மறுநாள் போயிக் கையெழுத்துப் போட்டுட்டேன். யாரும் எங் கையைப் புடிச்சு இழுக்கல. இருந்தாலும் ஒரு மனுசனை அந்த நெலமைக்குக் கொண்டு வந்தது யாரு?

இப்ப என் தோட்டம் அவ குத்தகை. வருசம் தவறாம எனக்குக் குத்தகைப் பணம் வருது. வேலைக்குப் போனாக் கூலி. சனிக்கிழமை சாயங்காலம் எல்லாருக்கும் குடுக்குறப்ப எனக்கும் குடுக்குறா. எல்லாரோடயும் சேந்து வரிசையில நிக்கணும். மொத வாரம் நான் போகல. திண்டாடிப் போச்சு, பீடிக்குக் காசில்ல. மறுவாரம் நின்னேன். வேலை செஞ்சேன்ல, வாங்குனா என்ன? வரிசையில முன்னாடி நின்ன பய திரும்பிப் பாத்துச் சிரிச்சான். அவன் கழுத்தைப் புடிச்சுருப்பேன், பவுனு பாத்துக்கிட்டு இருந்தா.

தோட்டத்துல மிச்சம் வருதுன்னு நெனக்கிறேன். தவமணி தோட்டத்துக்குக் குடுத்த தோட்டைத் திருப்பிட்டா. எம்புட்டு மிச்சம்னு எனக்குச் சொல்றதில்ல. கேட்டா, "தெரிஞ்சு என்ன செய்யப் போற?"ங்கிறா. அதட்டியும் சொல்ல மாட்டா. அதட்டுனாலாவது ரெண்டு வார்த்தை சண்டை போடலாம். கீழ்ப்பாத்திக்குத் தண்ணி பாஞ்சிருச்சா, நாளைக்கு முட்டுக் குடுக்கக் கம்பு வருது எறக்கி வை, இப்படித்தான் பேச்சு. ரெஜின் பேசுறது மாதிரியே பேசுறா.

இன்னிக்கு எங்க போறேன்னா கேக்குறீங்க? இன்னிக்குத் தேனியில ஒரு கல்யாண மண்டபத்துல கம்பெனிக் கூட்டம். புதுசாச் சேர வர்ற விவசாயிகளுக்கு. அதுல மேடையில ஏறிப் பேசப் போறது யாருங்கிறீங்க? பவுன்தாய். காலம்புற வாசல்ல காரு வந்து நின்னுச்சு. பவுனு ஏறுனா. முருகாயி ஏறுச்சு. தவமணி முன்னாடி உக்காந்தான். பின்னாடி இன்னொரு ஆள் உக்கார எடம் இருந்துச்சு. நான் வாசல்லதான் நின்னுக்கிட்டு இருந்தேன். கதவைச் சாத்திட்டுப் போயிட்டாய்ங்க.

அதான் பஸ்சுல போறேன். கூட்டத்துக்கு நடுவுல எந்திரிச்சு நறுக்குன்னு கேக்கப் போறேன். வெலை ஏறுறப்ப எங்களுக்கு ஏன்டா ஏத்தல? தழும்புன்னு ஒதுக்குறியே, அதைப் பாக்குற இடத்துல விவசாயி ஒருத்தன் பக்கத்துல நிக்க வேணாமா? கேக்கணுமா வேணாமா, சொல்லுங்க. இது நியாயமான கேள்விதான? பவுனு மேடையில உக்காந்திருக்கட்டும், கேக்கட்டும். பதில் சொல்லட்டும்.

சட்டையைப் பாக்குறீங்களா? ஆமா, வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. நாலு பேரு முன்னாடி எந்திரிச்சு நின்னு பேசப் போறவன் கசங்கிப் போயா நிக்கிறது? நான் போடல. எனக்கு எங்க இஸ்திரி போடத் தெரியும்? அவ போட்டு ஆணியில மாட்டி வச்சிட்டுப் போயிருந்தா. பக்கத்துல கொடியில வேட்டியும் இருந்துச்சு. எதுக்கு மாட்டுனான்னு எனக்கு வெளங்கல.

கூப்பிடணும்னா வாயைத் திறந்து, வாங்கன்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்ல தம்பி. சட்டையை மாட்டி வச்சிட்டு அவ பாட்டுக்குக் காருல ஏறிப் போயிட்டா, நான் அதை என்னன்னு எடுத்துக்கிறது?